மூலை இல்லாத குப்பி

1

இன்று எங்கள் ஆய்வகத்தில் சத்தம் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மற்ற நாட்களில் பக்கத்து அறையில் ஒரு ஹீலியம் கம்ப்ரஸர் இரவும் பகலும் 'டிச்சுக், டிச்சுக்' என்று ஓடிக்கொண்டிருக்கும். ரைஸ் மில்லுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இது புரியும்: சத்தம் நின்றால்தான் தூக்கம் கெடும். சர்வீசுக்காக அதை நிறுத்திவிட்டு, கருவியை மெதுவாக அறை வெப்பத்துக்குக் கொண்டுவருகிறார்கள். முழுதாகச் சூடேறும் வரை எனக்கு வேலை இல்லை. சம்பளம் உண்டு. இந்த நிலையை அடையத்தான் அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டியிலிருந்து இவ்வளவு தூரம் வந்தேன்.

நான் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் என்.எம்.ஆர். கருவியைப் பார்த்துக்கொள்பவன். உறவினர்கள் கல்யாணப் பேச்சில் என்னை 'சயின்டிஸ்ட்' என்பார்கள்; சண்டை வந்தால் 'ஸ்கேன் எடுக்கிறவன்' என்பார்கள். இரண்டாவதுதான் உண்மைக்குப் பக்கம். ஆஸ்பத்திரி ஸ்கேனுக்குள் ஆள் போவது மாதிரி, எங்கள் காந்தத்துக்குள் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய் போகும். அதில் கரைத்து வைத்த பொருளின் அணுக்கள் ரேடியோ அலைகளில் முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பைக் கருவி கோடுகளாக வரைந்து தரும், அதற்குப் பெயர் நிறமாலை; அதை வைத்து மூலக்கூறு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவோம்.

அதைக் கேட்பது ஒரு சின்னக் கம்பிச்சுருள். தொல்லை என்னவென்றால், அந்தச் சுருளே வாயை மூடாது. வெப்பம் இருக்கும்வரை அதற்குள்ளும் ஒரு இரைச்சல் இருக்கும். பந்தி நடக்கிற மண்டபத்தில் மாப்பிள்ளையின் அம்மா என்ன முணுமுணுத்தார் என்று கேட்க முயல்வது போலத்தான். எனவே குளிர்ந்த ஹீலியம் வாயுவைச் சுற்றவிட்டு, சுருளை மைனஸ் இருநூற்றைம்பது டிகிரி வரை இறக்கி வாயை அடைப்போம். இதற்குப் பெயர் கிரையோ புரோப். சுருள் அந்தக் குளிரில் கிடக்க, சில மில்லிமீட்டர் தள்ளி சாம்பிள் மட்டும் அறை வெப்பத்தில் சுகமாக உட்கார்ந்திருக்கும். நடுவில் வெற்றிடம்.

இந்த இடத்தில், 'நானும் அப்படித்தான், வெளியே குளிர், உள்ளே ஊரின் வெதுவெதுப்பு' என்று எழுதினால் கொஞ்சம் கைதட்டு விழும். ஒருநாள் பிரிகிட்டேயிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் மருந்து வேதியியல் பேராசிரியர், அடுத்த மாடி. "உன் வீட்டில் ஹீட்டர் இருக்கிறது. அதை விட்டுவிட்டாய்" என்றார். அத்தோடு உவமையை நிறுத்திக்கொண்டேன்.

2

என் அக்கா செல்வி தா.பழூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள் வெண்ணிலா பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் வேதியியலில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ் என்று மாறி மாறிப் போய்வந்து செய்த பிஎச்.டி. போன வருடம் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, பாப்பாவுக்குக் காதுகுத்துக்கு நீ வல்ல. பரீச்சைன்ன. சடங்குக்கும் வல்ல. விசான்ன. தாய்மாமன் சீருன்னு அண்டாவ நாங்களே வாங்கி, ஒம் பேர வெட்டி, நாங்களே சபையில வெச்சுக்கிட்டோம். இதையாச்சும் செஞ்சுடுடா."

"எதைக்கா?"

"அதான், ஒன் மெஷின்ல போட்டுப் பாக்குறது."

தாய்மாமன் சீராக நிறமாலை கேட்கப்பட்டது எங்கள் வம்சத்தில் இதுவே முதல் தடவை. தட்டில் வைத்துத் தூக்கி வர முடியாது என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

வெண்ணிலா போனை வாங்கி விஷயத்தைச் சொன்னாள். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரி ஓரத்தில் வளர்கிற ஒரு குத்துச்செடி. (பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே அது யூடியூபில் சர்க்கரைக்கு மருந்தாகிவிடும்.) அதன் வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்திருக்கிறாள். சில கிருமிகளை அது நன்றாகவே தடுக்கிறது. ஆனால் அது என்ன மூலக்கூறு என்று தெரியவில்லை. வெளியூரில் ஒரு சாதாரணக் கருவியில் எடுத்துப் பார்த்ததில் மழை நாளில் ஆன்டெனா டிவி பார்த்த மாதிரி வந்திருக்கிறது.

"திரும்ப எடுக்கலாம்ல பாப்பா, இன்னும் கொஞ்சம் பிரிச்சு?"

"இல்ல மாமா. அந்த எடத்த குவாரிக்கு வேலி போட்டுட்டாங்க. செடி போச்சு. கையில இருக்குறது அர மில்லிகிராம்தான். நாலு வருஷமா பண்ணுனது மொத்தமும் அதான்."

அரை மில்லிகிராம் என்றால், தாளிக்கும்போது தெறித்து ஓடுமே, அந்த ஒரு கடுகை விடவும் குறைவு. கிரையோ புரோப் இந்த மாதிரிக் கேஸுக்குத்தான். அனுப்பு என்றேன். மாமன் கெத்தோடு சொன்னேன் என்பதைப் பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் அது அதிக நாள் நீடிக்கவில்லை.

3

செடியிலிருந்து எடுத்த பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி வேண்டும். கல்லூரி எழுதி, மேலே அனுப்பி, மேலே இருப்பவர்கள் அதற்கு மேலே அனுப்பி, ஒருவழியாகக் கடிதம் வந்தது. கடைசியில் காகிதங்களின் எடைக்கு முன் பொடி ஒன்றுமே இல்லை.

இங்கே சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம், 'மதிப்பிற்குரிய திரு. கோவிந்தசாமி அவர்களுக்கு' என்று. கோவிந்தசாமி என் அப்பா. என் பாஸ்போர்ட்டில் அவர் குடும்பப் பெயராகிவிட்டார். உயிரோடு இருந்தவரை ஜெயங்கொண்டம் தாலுகா ஆபீசில்கூட யாரும் அவரை உட்காரச் சொன்னதில்லை. செத்த பிறகு ஜெர்மனி அவரை மதிப்பிற்குரியவர் என்று அழைக்கிறது.

போனேன். அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தார். குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். மஞ்சள் பிளாஸ்டிக் மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பி. அடியில் வெளிர்மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

'தீங்கில்லாத பொடி' என்று சொல்ல நினைத்தேன். என் ஜெர்மன் இன்னும் அவ்வப்போது பஸ் மாறி ஏறிவிடும். 'குற்றமற்ற பொடி' என்று வந்துவிட்டது.

"அதை நாங்கள் தீர்மானிப்போம்" என்றார்.

பிறகு அனுமதிக் கடிதத்தை எடுத்தார். அதன் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தீற்றல்.

"இந்தக் கறை?"

"கறை இல்லை. நல்ல காரியத்துக்குப் போகிற காகிதம் என்று ஊரில் வைக்கிற அடையாளம்."

"முத்திரையா?"

"கிட்டத்தட்ட."

"எந்த அலுவலகம்?"

"என் அக்கா."

அவர் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு ஏதோ எழுதிக்கொண்டு, உண்மையான முத்திரை ஒன்றைக் குத்தி அனுப்பிவிட்டார்.

வேலைக்கு மனுப் போட்டாலும் கல்யாணப் பத்திரிகை அடித்தாலும் மூலைக்கு மூலை மஞ்சள் தடவுவது எங்கள் பக்கத்தில் யாரும் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும். இந்த இடத்தில் எனக்கு ஒரு யோசனை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதிகாரியை மடக்கிவிட்ட பெருமையில் டிராம் ஏறினேன்.

4

குப்பியைத் திறந்து, மெத்தனால் சில துளி விட்டு, ஆட்டி, கரைசலைக் குழாயில் ஊற்றினேன். இதோடு நிறுத்த வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லும். ஆனால் நான் பால் பாக்கெட்டைக் காலி செய்த பிறகு தண்ணீர் விட்டுக் கழுவி ஊற்றுகிற குடும்பத்தில் பிறந்தவன். மாமியார் வீட்டுச் சட்னிக் கிண்ணத்தையே கழுவிக் குடித்தவன். அரை மில்லிகிராமில் ஒரு பொட்டு வீணாகலாமா? குப்பியை இன்னொரு தடவை கழுவினேன். அப்புறம் வாய் விளிம்பை, மூடியின் உட்புறத்தை, மரைகளை, மூடியின் ஓரத்தை. எல்லாவற்றையும் குழாய்க்குள் சேர்த்தேன். இவ்வளவு சுத்தமாக நான் பல் தேய்த்ததுகூட இல்லை.

நிறமாலை வந்தது. வெண்ணிலாவின் பொருள் பளிச்சென்று தெரிந்தது. அதற்குக் கீழே, குட்டையாக, ஆனால் திருத்தமாக, இன்னொரு வரிசைக் கோடுகள். இரண்டாவதாக ஒரு பொருள்! சாதாரணக் கருவியில் இரைச்சலுக்குள் புதைந்திருந்தது இதில் தலையைத் தூக்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். இதே செடியில் யாரும் பார்க்காத இன்னொரு மூலக்கூறு. நான் கண்டுபிடித்தது.

ஊருக்குப் போன் போட்டேன்.

"பாப்பா, ஒண்ணு கேட்டே, ரெண்டு கெடச்சிருக்கு!"

"நெசமாவா மாமா?"

பின்னாலிருந்து அக்கா: "என்னடி சொல்றான்?"

"ரெண்டாம்மா! புதுசா ஒண்ணு!"

அன்று சாயங்காலத்துக்குள் தா.பழூர் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. செல்வி தம்பி ஜெர்மனியில் புதுசா ஒன்று கண்டுபிடித்திருக்கிறான். என்ன என்று கேட்டவர்களுக்கு அக்கா, "அதெல்லாம் இப்ப வெளிய சொல்லக் கூடாதாம்" என்றிருக்கிறாள்.

5

மறுநாள் பிரிகிட்டே காபி குடிக்க வந்தார். திரையில் இருந்ததைப் பார்த்தார். நான் விளக்கத் தொண்டையைச் செருமினேன்.

"இது குர்குமின் இல்லையா?"

நான் திரையை நெருங்கிப் பார்த்தேன்.

"இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே பதினாறு ஹெர்ட்ஸ். இதோ மெத்தாக்ஸி. இது மஞ்சள். உங்கள் சாம்பாரில் போடுவீர்களே, அது."

பிறந்த அன்றிலிருந்து மஞ்சள் பூசி, மஞ்சள் தின்று, மஞ்சள் நீரில் குளித்து வளர்ந்த ஒருவனுக்கு மஞ்சளை அடையாளம் காட்ட ஒரு ஜெர்மன்காரர் தேவைப்பட்டார். நல்லவேளை, அறையில் வேறு யாரும் இல்லை.

பிரிகிட்டே சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இந்தப் பெண் கிருமிச் சோதனைகள் செய்திருக்கிறாள் இல்லையா? குர்குமின் எங்கள் துறையில் பெயர் போன ஏமாற்றுக்காரன். எந்தச் சோதனையில் போட்டாலும் வேலை செய்வது போல நடிக்கும். சோதனை செய்தபோதே இது உள்ளே இருந்திருந்தால், அவள் முடிவுகளை யாரும் நம்ப மாட்டார்கள்."

வெண்ணிலாவிடம் சொன்னேன். அவள் நேராக கைடிடம் போனாள். கைடும் அதையேதான் சொன்னாராம். மஞ்சள் எப்போது கலந்தது? லேபிலேயே கலந்திருந்தால் சோதனைகள் எல்லாம் செல்லாது, திரும்பச் செய்ய வேண்டும். திரும்பச் செய்ய வேரில்லை, செடியில்லை. பிஎச்.டி. அங்கேயே நிற்கும். அனுப்பும்போது கலந்திருந்தால் பாதகமில்லை. ஆனால் அதை நிரூபிக்க வேண்டும்.

"மாமா, எங்க லேப்ல மஞ்சளே கெடையாது மாமா. டிபன் பாக்ஸகூட வெளியதான் வெப்போம்" என்றாள்.

அப்போதுதான் சுங்க அலுவலகத்தின் நான்கு மூலைகள் எனக்கு நினைவு வந்தன.

6

ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் போட்டேன். என் பக்கத்தில் மகள் யாழினி. அவளுக்குப் பதினாலு வயது. தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினோம்; மூன்றாம் வகுப்போடு ராஜினாமா செய்துவிட்டாள். இப்போது தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். அத்தையோடு பேசு என்றால் கையை ஆட்டிவிட்டு போனைப் பார்ப்பாள்.

"அக்கா, பார்சல் அனுப்புனப்ப கடுதாசில மஞ்சள் வெச்சியா?"

"ஆமா, வெக்காம?"

"அந்தக் குப்பியில?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"குப்பியில நான் ஏன் வெக்கப் போறேன்? அது பாப்பா படிப்புச் சாமான். அதத் தொடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"இல்லக்கா, வெச்சிருந்தா தப்பில்ல. வெச்சேன்னு சொன்னா நல்லதுதான்..."

"அப்ப நான்தான் எம் பொண்ணு படிப்பக் கெடுத்தேங்கிற. தெருப்பூரா ரெண்டு கண்டுபுடிச்சேன்னு சொல்லச் சொன்னது நீ. இப்ப மஞ்சளுங்கிற. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் கடைக்குப் போறது? நான் வெக்கலடா. ஆள விடு."

வெண்ணிலா பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் மேலே கேட்கவில்லை. திரை அணைந்ததும் யாழினி போனிலிருந்து தலையைத் தூக்காமல், ஜெர்மனில் சொன்னாள்: "அத்தை பொய் சொல்கிறார்."

"நீ போனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாய்?"

"போன லீவில் என் லேப்டாப்பில்கூட வைத்தார். கேமராவுக்கு மேலேயே. நாங்கள் கிளம்பும்போது. கேட்டால் இல்லை என்றார்." பிறகு, சங்கடமே இல்லாமல், "இன்னும் அழிக்கவில்லை" என்றாள்.

அவள் அறைக்குப் போய்ப் பார்த்தேன். கேமராவுக்கு மேலே இருந்தது, உலர்ந்து, ஒரு பொட்டளவு.

7

சாட்சி சொல்ல அக்கா வரமாட்டாள். கருவியைத்தான் கூப்பிட வேண்டும்.

எதையும் தூக்கிப் போடாத குடும்பத்தில் பிறந்ததில் ஒரு லாபம், மூடியைப் பத்திரமாக வைத்திருந்தேன். அதன் உட்புறத்தையும் ஓரத்தையும் கழுவித் தொலைத்திருந்தேனே தவிர, உச்சியைத் தொடவில்லை. மூடியே மஞ்சள் நிறம் என்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சுத்தமான பஞ்சில் மெத்தனால் தொட்டு உச்சியை மட்டும் ஒற்றி எடுத்தேன். எதையும் தொடாத இன்னொரு பஞ்சும் எடுத்துக்கொண்டேன். அனுமதிக் கடிதத்தின் ஒரு மூலையையும் கத்தரித்து ஊறவைத்தேன். மூன்றையும் தனித்தனிக் குழாய்களில் போட்டு, வார இறுதி முழுக்க ஓடவிட்டேன்.

யோசனை இதுதான். குப்பிக்குள் இருந்த பொடியிலேயே மஞ்சள் இருந்து அது மூடிக்கு மேலே பட்டிருந்தால், கூடவே வெண்ணிலாவின் பொருளும் பட்டிருக்க வேண்டும். மஞ்சள் மட்டும் இருந்தால் அது வெளியிலிருந்து வந்தது; உச்சியில் வைத்தது ஓரத்துக்கு வழிந்து, நான் ஓரத்தைக் கழுவியபோது குழாய்க்குள் போயிருக்கும்.

தொடாத பஞ்சில் ஒன்றுமில்லை. மூடி உச்சியில் மஞ்சள் இருந்தது. வெண்ணிலாவின் பொருள் துளிகூட இல்லை. தவிர, மஞ்சளில் குர்குமின் தனியாக வராது, தன் சாயலில் இரண்டு தம்பி மூலக்கூறுகளைக் கூட்டிக்கொண்டுதான் வரும். மூவருக்கும் உள்ள விகிதம் ஒவ்வொரு மஞ்சளுக்கும் கொஞ்சம் மாறும். மூடியில், சாம்பிளில், கடிதத்தின் மூலையில், மூன்றிலும் ஒரே விகிதம். அந்தக் கடிதம் லேபுக்குப் போகவே இல்லை. ஆபீசிலிருந்து நேராக தா.பழூர் வீட்டுக்கு வந்தது. ஒற்றி எடுத்த அழுக்கில் இவ்வளவு சொல்லிவிட்டது கிரையோ புரோப். அக்காவிடம் இதைவிடக் குறைவாகத்தான் வாங்க முடிந்தது.

பிரிகிட்டே தன் கருவியில் மஞ்சளைப் பிரித்து நீக்கிக் கொடுத்தார். மிச்சமிருந்ததில் கார்பன் நிறமாலையும் எடுத்தோம். தெரிந்த குடும்பத்தில், இதுவரை தெரியாத ஒரு உறுப்பினர். மூலக்கூறு கிடைத்துவிட்டது.

வெண்ணிலாவிடம் ஒன்று சொன்னேன். "பாப்பா, முதல் நிறமாலையத் தீசிஸ்ல போடாத. சுத்தமானத மட்டும் போடு. யாரும் கேக்க மாட்டாங்க."

"நான் போடுவேன் மாமா" என்றாள். "எங்கிட்ட நானே கேப்பேன்ல."

8

வாய்மொழித் தேர்வு பெரம்பலூரில். எங்கள் பக்கத்தில் அது பாதி தேர்வு, பாதி விசேஷம். ஆய்வு மாணவிதான் வந்தவர்களுக்குக் கேசரியும் வடையும் காபியும் ஏற்பாடு செய்ய வேண்டும். இணையத்தில் நானும் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் அக்கா, பட்டுப்புடவையில், கேசரி இருந்த அட்டைப்பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு.

வெண்ணிலா நன்றாகவே பேசினாள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்தப் பக்கத்தைத் திருப்பினார்.

"இந்த முதல் ஸ்பெக்ட்ரத்துல மஞ்சள் இருக்கு. மூடியில பட்டதுன்னு காட்டியிருக்கீங்க. நல்ல வேலைதான். ஆனா எப்ப பட்டுச்சு? பயோ டெஸ்ட்டுக்கு முன்னாடியே பட்டிருந்தா?"

"டெஸ்ட் முடிஞ்ச பெறகுதான் சார். பேக் பண்ணப்ப வூட்டுல... பட்டிருக்கும் சார்."

"பட்டிருக்கும்னா எப்படிம்மா? பாத்தவங்க யாரும் இருக்காங்களா? இல்லன்னா டெஸ்ட் ரிசல்ட் இருக்குற உங்க நாலாவது அத்தியாயம் நிக்காதே."

வெண்ணிலா தீசிஸைப் புரட்டினாள். அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. அவள் திரும்பாததை நான் இங்கிருந்து பார்த்தேன். என் மைக் அணைந்திருந்தது. திறந்து ஏதாவது சொல்லலாமா என்று விரலை வைத்தேன். பக்கத்தில் யாழினி என் கையைப் பிடித்தாள்.

மைக்கிலிருந்து தூரமாக ஒரு குரல் கேட்டது.

"நான்தாங்க வெச்சேன்."

அக்கா எழுந்து நின்றிருந்தாள். அட்டைப்பெட்டி இன்னும் கையில்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க?"

"பாப்பாவோட அம்மாங்க. கடுதாசிக்கு நாலு மூலையிலயும் வெச்சேன். அந்தக் குப்பிக்கு மூலையே இல்லீங்களே. அதான் மூடியில வெச்சேன்."

அரங்கம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"எப்பம்மா வெச்சீங்க?"

"கூரியருக்குக் குடுத்த அன்னைக்குக் காலையிலங்க. இது குளிக்கப் போயிருந்துச்சு. கேட்டப்ப இல்லன்னு சொல்லிப்புட்டேன். நாலு வருஷம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே போய்ப் படிச்ச புள்ளைங்க. என் கையால கெட்டுப்போச்சுன்னு எப்படிங்க சொல்றது?"

தேர்வாளர் குனிந்து எதையோ எழுதினார். நிமிர்ந்தார். "கெடலைங்கம்மா. இப்பதான் சரியாச்சு. உக்காருங்க" என்றார். பிறகு வெண்ணிலாவிடம், "அடுத்த கேள்வி" என்றார்.

அடுத்த கேள்விகள் எனக்குக் காதில் விழவில்லை. முடிவை அறிவித்தார்கள், பெயருக்கு முன்னால் டாக்டர் வந்தது, கேசரி வந்தது. அக்கா கேமராவுக்குப் பக்கத்தில் வந்து, அது கேமரா என்று தெரியாமல், "தம்பிக்கும் கொஞ்சம் எடுத்து வைங்கடி" என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனாள். யாழினி தமிழில் கேட்டாள்: "எப்படி அனுப்புவாங்க?"

9

சர்வீஸ் இன்ஜினியர் சற்றுமுன் வந்து கதவைத் தட்டினார். கம்ப்ரஸர் எல்லாம் சரியாக இருக்கிறதாம். மாலையில் ஓட்டிவிடலாம், நாளைக்குள் குளிர்ந்துவிடும். ஒரே ஒரு சந்தேகம். கம்ப்ரஸர் பெட்டியின் பின்புறத்தில் மஞ்சளாக ஏதோ இருக்கிறது. எண்ணெய் கசிகிறதோ?

"எந்த இடத்தில்?" என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

"அதுதான் விசித்திரம்" என்றார். "நான்கு மூலைகளிலும்."